கப்பியில் பூசிய சந்தனம்

வல்லை என்கிற வெட்டவெளியில் காற்று முகத்தில் அடித்தது. நெல்லியடியிலிருந்து நடந்தே வந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த பஸ் வேகத்தைக் குறைத்தது. போ என்று கையைக் காட்டினேன். ஓரிடத்தில் குந்தியிருந்து போகிற நிலையில் நான் இல்லை. உளியும் உடுக்கிற சாரமும் போட்ட பை தோளில் இடிக்க இடிக்கக் கோபம் கூடிக்கொண்டே வந்தது.

நான் விட்டு வந்த தச்சுப் பட்டறையில் பலகை இழைக்கிற பழைய மெஷின் ஒன்று இருக்கிறது. வயதில் எனக்கு மூத்தது. கீழே மோட்டர். அதிலிருந்து ஒரு பெல்ட் மேலேறி, கத்தி உருளையின் கப்பியைச் சுற்றும். ஆயுத பூசைக்கு எல்லாச் சாமானுக்கும் பொட்டு வைத்தார்கள். வைக்கட்டும். நானும் கும்பிட்டு அவல் தின்றவன்தான். ஆனால் முதலாளி பெல்ட்டை மூடியிருக்கும் தகரக் கவசத்தைக் கழற்றி, விளக்கேற்றிய எண்ணெய்க் கையாலேயே சந்தனத்தை அள்ளிக் கப்பியின் பள்ளத்தில் அப்பினார். கவசத்துக்கு மாலை போட்டுச் சுவரில் கொழுவினார். பூசை முடிந்தும் அது இறங்கவில்லை.

திரும்ப வேலை தொடங்கிய அன்று மெஷின் ஊளையிட்டது. ரப்பர் கருகும் மணம். பலகை பாதி போனதும் கத்தியின் வேகம் தளரும். பிறகு பெல்ட் திடீரென்று பிடித்துப் பலகையைப் பின்னுக்கு எறியும். பலகை எறிபட்டால், அதை அழுத்திக்கொண்டிருக்கிற கை நேரே கத்தியில் விழும். அந்த மெஷினில் நின்றவர் ஒரு அண்ணை. எனக்குத் தங்க இடம் பிடித்துத் தந்தவர்.

"முதலாளி, கப்பியிலை எண்ணெய். அதுதான் வழுக்குது. துடைச்சால் சரி," என்றேன்.

"பூசைச் சந்தனத்தைத் துடைக்கிறதோ? அது தானாக் காய்ஞ்சு விழவேணும். பெல்ட் தொய்ஞ்சு போச்சு, இறுக்கு."

இறுக்கினேன். மோட்டரின் பெயாரிங் கை வைக்க முடியாமல் கொதித்தது. ஊளை நிற்கவில்லை. பிறகு அவரே வந்து, வழுக்காமல் பிடிக்கட்டும் என்று ஓடுகிற பெல்ட்டில் குங்கிலியத் தூளைத் தூவினார். பட்டறை கோயில்போல மணத்தது. கொஞ்சம் பிடித்தது, பிறகு வெட்டி இழுத்துப் பலகையை எறிந்தது. அண்ணையின் விரல் தப்பியது. நகத்தின் நுனி போனது.

"கண்ணூறு," என்றார் முதலாளி. "நாளைக்குத் தேசிக்காய் வெட்டுவம்."

"அதுக்கு முதல் மெஷின் அண்ணையின்ரை விரலை வெட்டிப்போடும்."

"உவனுக்கு வாய் மட்டும் நல்ல கூர், முதலாளி," என்று அண்ணை சிரித்தார், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு.

அவர்கள் தேத்தண்ணிக்குப் போன நேரம் மெயின் சுவிச்சை இறக்கினேன். தின்னரில் நனைத்த துணியால் கப்பியைத் துடைத்தேன். பெல்ட்டைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணியில் கழுவி, ஈரம் போக உலர்த்தி, பெருவிரலால் அமத்தினால் சற்றே தாழ்கிற அளவுக்கு மட்டும் இறுக்கினேன். மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கவசத்தைப் பூட்டினேன். சுவிச்சைப் போட்டால் ஊளை இல்லை, மணம் இல்லை.

திரும்பி வந்த முதலாளி மெஷினைப் பார்க்கவில்லை. நிலத்தில் கிடந்த மாலையைத்தான் பார்த்தார். "சாமி காரியத்திலை கை வைச்சவன் இனி இந்த மெஷினைத் தொடக்கூடாது."

நான் அண்ணையைப் பார்த்தேன்.

"முதலாளி சொல்லுறதும் சரிதானே, தம்பி. கேட்டுச் செய்திருக்கலாம்."

"கேட்டனான்தானே, அண்ணை."

அவர் கையிலிருந்த தேத்தண்ணியை ஊதினார். பையைத் தூக்கினேன். முதலாளியின் பேச்சு வல்லை வெளியில் பாதி தூரம் வருமுன் ஆறிவிட்டது. அண்ணையின் பேச்சு ஆறவில்லை.

அன்றிரவு சுன்னாகத்தில் தெரிந்த ஒருவரின் கொட்டிலில் படுத்தேன். விடிய எழும்பிச் சந்தையில் வெங்காய மூட்டை தூக்கிற வேலை கேட்டேன். ஆள் தேவையாக இருந்தது. வேலை தொடங்கிச் சற்று நேரத்தில் போன் அடித்தது. அண்ணை, தாழ்ந்த குரலில்.

"தம்பி, மனுசன் திரும்பவும் பூசிப்போட்டார். நீ எதாலை துடைச்சனி?"

வாய்வரை வந்த ஏச்சை விழுங்கினேன். "கவசம்?"

"சுவரிலை."

"முதல் மெயின் சுவிச்சை இறக்குங்கோ. பிறகு கப்பிக்குத் தின்னர். பெல்ட்டிலை தின்னர் படக்கூடாது, அதுக்குச் சவர்க்காரத் தண்ணி. கேட்டால், நான் வந்து துடைச்சுப்போட்டு ஓடினனான் எண்டு சொல்லுங்கோ."

"நீ இப்ப எங்கை?"

"வெங்காயம் தூக்கிறன்," என்று போனை மடியில் செருகிவிட்டுக் குனிந்தேன். அடுத்த மூட்டையை முதுகில் ஏற்றினார்கள்.