பாதி பிளேடு

கன்னத்தில் நுரை ஏறி, வாய் தானாக மூடிக்கொண்ட பிறகுதான் அவர் பேச்சை எடுப்பார். அதுவரை வெயில், தண்ணீர் வராத குழாய், பேருந்து நிறுத்தத்தை இடம் மாற்றியது என்று ஊர்க்கதை ஓடிக்கொண்டிருக்கும். பிரஷ்ஷைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, "ஒரு சின்ன விஷயம் சார்" என்று தொடங்குவார். நாற்காலியில் இருப்பவரின் கைகள் துணிக்குள் இருக்கின்றன; கழுத்து பின்னால் சாய்ந்திருக்கிறது; தொண்டைக்குப் பக்கத்தில் கத்தி. இந்த நிலையில் எதிர்த்துப் பேச யாருக்கு மனம் வரும்? அது அவருக்கும் தெரியும். "பயப்படாதீங்க சார், கையெழுத்துப் போடலேன்னாலும் ரெண்டு பக்கமும் வழிச்சுத்தான் அனுப்புவேன்" என்று தானே சொல்லிச் சிரிப்பார். சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும்.

எங்கள் தெருவில் அவருடைய சொந்தப் பெயர் வழக்கொழிந்துவிட்டது. டீக்கடைக்காரர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவர் 'கையெழுத்துக்காரர்'. கேலியாக வைத்த பெயர்தான். அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. பெயர்ப்பலகைக்குப் புதுச் சாயம் அடிக்க வந்த ஆளிடம், "அதையே எழுதிடுங்க தம்பி, அப்படித்தானே எல்லாரும் கேட்டு வர்றாங்க" என்றாராம். மனைவி வந்து தடுத்துவிட்டார்.

கடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றின் நெம்புகோல் வேலை செய்யாது. உயரம் குறைந்தவர்களை அதில் உட்கார வைத்து முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை கொடுப்பார். கண்ணாடியின் ஓரங்களில் ரசம் போய்க் கருப்புத் திட்டுகள். இழுப்பறையைத் திறந்தால் மடித்து அடுக்கிய துண்டுகள். அந்தத் துண்டுகளுக்கு நடுவில், பிளாஸ்டிக் உறையில், மனு. எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் நாலு முடியாவது தாள்களுக்குள் புகுந்துவிடும். பேனாவை ஒரு நூலில் கட்டிக் கண்ணாடி ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார். சீப்பைக்கூட எடுத்துப் போகாதவர்கள் பேனாவை எடுத்துப் போய்விடுகிறார்களாம்.

தொழிலில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முடி வெட்டி முடித்ததும் கைக்கண்ணாடியை எடுத்துப் பின்கழுத்துக்கு நேரே பிடிப்பார். "சரியா இருக்கா பாருங்க" என்பார். நீங்கள் தலையாட்ட வேண்டும். வாயால் சொன்னால் போதாது. பார்க்காமலே 'ம்' கொட்டுபவர்களை அவருக்குப் பிடிக்காது. தலை அசையும்வரை கண்ணாடியைப் பிடித்த கை கீழே இறங்காது. அவசரக்காரர்கள் இதற்காகவே அடுத்த தெருக் கடைக்குப் போவதுண்டு.

மனு என்ன என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார். "பெருசா ஒண்ணும் கேக்கல சார். ஒரு ஆளைப் புடிச்சா, புடிச்சோம்னு வீட்டுக்குச் சொல்லணும். எங்க வச்சிருக்கோம்னு சொல்லணும். கோர்ட்டுல கொண்டுபோய் நிறுத்தணும். விட்டுடுங்கன்னுகூட அதுல எழுதல." இப்போதிருக்கும் சட்டப்படி இவற்றில் எதையும் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. சந்தேகம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அள்ளிக்கொண்டு போகலாம். அந்தச் சட்டத்தைத் திருத்தச் சொல்லித்தான் மனு.

அவருடைய மகன் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை பார்த்தான். வாடிக்கையாளர் ஒருவரின் வண்டியைச் சரிசெய்து, ஓட்டிப் பார்க்க வெளியே எடுத்தான். அன்று கடைவீதியில் ஊர்வலம். கூட்டத்தைக் கலைத்தவர்கள் அகப்பட்டவர்களை எல்லாம் வண்டியில் ஏற்றினார்கள். இவனும் அகப்பட்டான். பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காவல் நிலையத்தில் போய்க் கேட்டபோது, அப்படி ஒருவனைப் பிடிக்கவே இல்லை என்றார்கள். மோட்டார் சைக்கிளைப் பிடித்ததை மட்டும் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு ரசீதுகூடக் கொடுத்தார்கள். சொந்தக்காரர் ரசீதைக் காட்டி வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அது நடந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது.

"வண்டியப் புடிச்சா ரசீது குடுக்குறாங்க. ஆளப் புடிச்சா குடுக்கல. ஆளுக்கும் ஒண்ணு குடுங்கன்னுதான் சார் கேக்குறேன்." இதை அவர் எத்தனையோ முறை சொல்லி நான் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் குரல் ஒரே அளவில்தான் இருக்கும்.

மனுவின் முதல் தாளில் முதல் மூன்று வரிகள் அவர் வீட்டுக்காரர்களுடையவை. பெயர், முகவரி, தொழில், கையெழுத்து என்று கட்டங்கள். தொழில் கட்டத்தில் அவர் 'முடிதிருத்துநர்' என்று எழுதியிருந்தார். அவருடைய மனைவி வீட்டில் துணி தைப்பவர். ஆனாலும் தொழில் என்ன போட என்று கேட்டபோது, "அவனோட அம்மான்னு போடுங்க" என்றிருக்கிறார். அப்படியே போட்டிருந்தது. மூன்றாவது வரியில் மகள் தன் கையால், தாயைப் பார்த்து, 'அவனுடைய தங்கை' என்று எழுதியிருந்தாள். நான் அதே தாளில் சற்றுக் கீழே இருக்கிறேன்.

மனுத் தாள்களின் கட்டு ஓரளவு கனமானதும் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு தலைநகரத்துக்குப் போய்வந்தார். அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்வார். மனுக்களை வாங்கும் எழுத்தர் கட்டை மேசைமேல் தட்டி ஒழுங்குபடுத்தினாராம். பொலபொலவென்று முடி உதிர்ந்ததாம். "என்னய்யா இது, யாரோட முடி?" என்று எழுத்தர் முகத்தைச் சுளித்திருக்கிறார். "பொதுமக்களோடது சார்" என்று இவர் பணிவாகச் சொல்லியிருக்கிறார். வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்களாம். கடையில் இதைச் சொல்லும்போதெல்லாம் நாங்களும் சிரித்திருக்கிறோம்.

சிரிப்பு அதோடு சரி. மனுவில் இருப்பவர்கள் உண்மையான ஆட்கள்தானா என்று சரிபார்க்க வேண்டும் என்றார்கள். சரிபார்க்க இரண்டு பேர் எங்கள் பகுதிக்கு வந்தார்கள். சாதாரணச் சட்டை, கால்சட்டை, மரியாதையான பேச்சு. வீடு வீடாக ஏறினார்கள். "இது உங்க கையெழுத்துதானா? யார் சொல்லிப் போட்டீங்க? பசங்க எங்க படிக்கிறாங்க?" தேடி அலையவே வேண்டியிருக்கவில்லை. முழு முகவரி இல்லாவிட்டால் மனு நிற்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வீட்டு எண், மாடி, பின்கட்டா முன்கட்டா என்பதுவரை ஒவ்வொருவரையும் உட்கார வைத்து எழுதி வாங்கியவர் இவர்தான். "வழியக் காட்டிக் குடுத்துட்டேன் சார்" என்று அதன் பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார். கத்தி என் தாடைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. நான் பேச முடியாத நிலையில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

பிறகு கட்டு திரும்பி வந்தது. சில தாள்களில் அடித்தல் திருத்தல் இருக்கிறதாம். ஒரு பெயரை அடித்திருந்தாலும் அந்தத் தாள் முழுவதும் செல்லாதாம். சரிசெய்து மறுபடி கொடுக்க வேண்டும். கட்டு வந்த செய்தி பரவியதும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முடி வெட்டிக்கொள்ள அல்ல.

வருகிறவர்கள் முதலில் நாற்காலியில் உட்காருவார்கள். தாடி இருக்கிறதோ இல்லையோ, முகத்தைத் தடவிக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் வந்த நாளில் நான் பெஞ்சில் செய்தித்தாளோடு இருந்தேன். மென்று விழுங்கிக்கொண்டே சொன்னார்:

"தப்பா நெனச்சுக்காதீங்க அண்ணே. எனக்கு ஒண்ணுமில்ல. வீட்டுல பயப்படுறாங்க."

"இதுல தப்பா நெனைக்க என்ன இருக்கு சார். வீடுன்னா பயம் இருக்கத்தானே செய்யும்."

"அடிச்சிட்டா மத்தவங்களுதும் போயிடுமே?"

"அடிக்க மாட்டேன் சார். பக்குவமா எடுத்துடறேன்."

அவர் எப்போதும் ஒரு பிளேடை நீளவாக்கில் இரண்டாக ஒடித்துத்தான் வேலை செய்வார். பாதி ஒருவருக்கு, மறுபாதி அடுத்தவருக்கு. இப்போது கணக்கு மாறிவிட்டது. பாதி ஆளுக்கு, பாதி தாளுக்கு. கைக்கண்ணாடியைக் கவிழ்த்து அதன் முதுகில் தாளை வைப்பார். இடதுகை விரல்கள் இரண்டால், கன்னத்தோலை இழுத்துப் பிடிக்கிற அதே முறையில், தாளை இழுத்துப் பிடிப்பார். பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டுவார். மை, தூளாக எழும்பி வரும். தாள் கிழியாது, நைந்துகூடப் போகாது. கழுத்துக்குப் போடும் பவுடரை அந்த இடத்தில் பஞ்சால் ஒற்றி, நகத்தால் ஒருமுறை நீவிவிடுவார். அதன்மேல் வேறொருவர் எழுதினால் மை பரவாதாம். கடைசியில் பிரஷ்ஷால் தட்டிவிடுவார். கணக்கு ஆசிரியர் தன் பெயர் போன இடத்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். தலையாட்டினார். போகும்போது, தேவையே இல்லாமல், நன்றாக இருக்கிறது என்றார்.

"அவங்கதான் எல்லார் பேரையும் முன்னாலேயே எழுதி வச்சிருப்பாங்களே, இப்பச் சுரண்டி என்ன ஆகப்போகுது?" என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஆசிரியர்மேலா, அவர்மேலா என்று சொல்லத் தெரியவில்லை.

"எழுதித்தான் வச்சிருப்பாங்க. இவராவது இன்னைக்குத் தூங்கட்டுமே சார்" என்றார் அவர். பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டார்.

காலியான வரிகளை நிரப்ப அவர் படுகிற பாடு இருக்கிறதே, அதைத் தனியாக எழுத வேண்டும். முன்பெல்லாம் நுரை போட்டதும் கையை நீட்டியவர்கள் இப்போது வீட்டிலேயே வழித்துக்கொண்டு வருகிறார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள், லாரி ஓட்டுநர்கள், கண்காட்சிக்கு வந்த ராட்டினக்காரர் என்று வழிப்போக்கர்களிடம் கேட்க ஆரம்பித்தார். ஒரு வரி நிரம்பினால் அடுத்த நாள் இரண்டு வரி காலியாகும். டீக்கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது. "அண்ணே, இப்படியே போனா கடைசில வெள்ளத்தாளைத்தான் கொண்டுபோய்க் குடுக்கப்போறீங்க" என்றார். இவர் தோளைக் குலுக்கிச் சிரித்தார். அன்றைக்குத் தோள் அதிகம் குலுங்கவில்லை.

மகளை நான் பார்த்தது போன வாரம். ஒரு மதிய நேரம். என் ஒரு கன்னம் முடிந்து, மறு கன்னத்தில் நுரை இருந்தது. கண்ணாடியில் முதலில் அவள் செருப்பு தெரிந்தது, பிறகு அவள். செவிலியர் படிப்பு முடித்தவள். அரசு மருத்துவமனையில் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறாள் என்று அவரே போன மாதம் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருந்தார். நாற்காலி வரை வராமல் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, வேலைக்கு விசாரிக்க ஒருத்தர் வந்தாரு."

"வரட்டும். நல்லபடியாத்தானே சொல்லியிருப்பே."

"அவரு நல்லவரா இருந்தாருப்பா. அண்ணன் பேர்ல எங்கேயும் எதுவுமே இல்லையாம். புடிச்சதாவே கணக்கு இல்லையாம். அதனால அதுல பிரச்சினை இல்லைன்னாரு." நிறுத்தினாள். "அந்தத் தாள்ல மட்டும்தான் இருக்காம். மறுபடி குடுக்கும்போது உன் பேரு அதுல இல்லாமப் பாத்துக்கோம்மான்னு சொல்லிட்டுப் போனாரு."

உள்ளே இருப்பவனை உள்ளே வைத்திருப்பதாக ஒரு காகிதமும் சொல்லவில்லை. அவன் ஒருவன் இருந்தான், அவனுக்குத் தங்கை ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்கிற ஒரே காகிதம் அந்த இழுப்பறையில் துண்டுகளுக்கு நடுவே இருந்தது. முகத்தில் நுரையோடு ஒரு மனிதன் கலங்கினால் பார்க்கச் சகிக்காது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"அம்மாதான்பா போகச் சொன்னாங்க."

கண்ணைத் திறந்தபோது அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டிருந்தார். "சார், ஒரு நிமிஷம்" என்று என்னிடம் மட்டும் சொன்னார். இழுப்பறையைத் திறந்தார். காகிதச் சுருளிலிருந்து, என் முகத்துக்கு எடுத்த பிளேடின் மறுபாதியை எடுத்தார். கைக்கண்ணாடியைக் கவிழ்த்து, முதல் தாளை வைத்து, இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தார். மகளின் கையெழுத்திலிருந்து தொடங்கினார். பிறகு முகவரி, பெயர். 'அவனுடைய தங்கை' என்ற கட்டத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார். அங்கே வந்ததும் பிளேடைத் துடைத்துக்கொண்டார். இத்தனை நாளில் ஒருவர் கன்னத்திலும் அவ்வளவு மெதுவாக அவர் கை நகர்ந்து நான் பார்த்ததில்லை. மேலே 'அவனோட அம்மா' அப்படியே இருந்தது. பவுடரை ஒற்றினார். நகத்தால் நீவினார். பிரஷ்ஷால் தட்டினார். வாயால் ஊதவும் செய்தார்.

மகள் அசையவில்லை. கதவைப் பிடித்த கை அப்படியே இருந்தது.

அவர் தாளை இரண்டு கையாலும் தூக்கி, பின்கழுத்துக்குக் கண்ணாடி பிடிக்கிற அதே உயரத்தில், அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"சரியா இருக்கா பாரு, பாப்பா."

அவள் தாளைப் பார்த்தாள். தலையாட்டவில்லை. என் கன்னத்தில் நுரை காய்ந்து இழுக்கத் தொடங்கியது. அவர் கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.