திரையின் பின்பக்கம்

பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தும் என் மருமகள், அணைத் தண்ணீர் சக்கரத்தைச் சுழற்றிக் கரண்டு உண்டாவதை மாணவர்களுக்கு வீடியோவாகச் செய்து, போனில் எனக்கும் காட்டினாள்.

"ஏஞ்சாமி, சக்கரம் மாத்திச் சுத்துதே?" என்றேன்.

என் சின்ன வயசில் மோகனூரில், இன்று வீடுகளாகிவிட்ட நெற்களத்தில், சர்க்கார் வேன் வந்து இதே மாதிரிப் படம் காட்டும்போது, ஜெனரேட்டர் இரைச்சலுக்கும் வைக்கோல் வாசத்துக்கும் நடுவே ஆம்பளைகள் முன்னால் உட்கார்ந்துகொள்ள, பொம்பளைப் பிள்ளைகள் நாங்கள் திரைக்குப் பின்பக்கம் இருந்து, எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பித் தெரிய, அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். முன்னால் போய் ஒரு தடவை பார்த்துவிட மனசு துடிக்கும். கூச்சத்தில் எழுந்ததே இல்லை.

இதைச் சொன்னதும் மருமகள் சிரித்தாள். "அடக் கொடுமையே! பின்னால உக்காந்தா அப்படித்தானுங்க தெரியும், அத்தை. இதுதானுங்க முன்பக்கம்."

போனை வாங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டு கேட்டேன்: "சக்கரத்தைச் சுத்திவுட்ட தண்ணி, பொறகு எங்க சாமி போகுது?"