கரியைக் கழுவிய பிறகு

என் புருஷன் கிரிசாந்தோ உயிக்காபுக்கு வாய் என்று ஒன்று இருப்பதை ஊர் வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் பார்க்கும். திருவிழாவில், காளை விடும் களத்தின் நடுவே, வெட்டிவந்த இலவ மரத்தை நட்டதும், முகத்தில் கரி பூசி, கற்றாழை நாரில் வால் கட்டிக்கொண்டு அதன் மேல் ஏறி உட்காருவார். அன்றைக்கு அவர்தான் சீக். நீள மூக்கும் நிமிர்ந்த வாலுமாகக் காட்டில் கூட்டமாகத் திரிகிற கோவாட்டிக்கு எங்கள் மாயா பேச்சில் அதுதான் பெயர். பூசணி விதையை வீசிக்கொண்டே சீக் யாரை வேண்டுமானாலும் கிழிக்கலாம். பாதிரியாரைக்கூட விடமாட்டான். முகத்தில் கரி இருக்கும்வரை அவன் பேச்சுக்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மற்ற நாளெல்லாம் மனிதர் கல். உப்புக் கரித்தாலும் பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். இருபத்திரண்டு வருஷமாக அவருக்கும் சேர்த்து நான்தான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருஷம் என் வயிறு பற்றி எரிந்தது. ஊர்த் தலைவர் ஃபெர்மின் கனுல் பாறைக்குளத்தருகே சுற்றுலாக்காரர்களைக் கூட்டிவந்து கோவாட்டிகளுக்கு பிஸ்கட் போடவைத்தார். டப்பாவைக் குலுக்கினால் போதும், முப்பது வாலும் ஓடிவரும். குளத்தை ஒட்டித்தான் எங்கள் மக்காச்சோளக் காடு. முற்றிய தட்டையை மடக்கி, கதிரைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, வேண்டும்போது ஒடித்து வருவது எங்கள் வழக்கம். ஒரு வருஷச் சாப்பாடும் அங்கேதான் நிற்கும். இரண்டே காலையில் பாதிக் காட்டைத் தின்று தீர்த்துவிட்டன. விரட்டப் போனால் ஓடவில்லை. பிஸ்கட் கேட்டு என் பாவாடையைப் பிடித்து இழுத்தன!

இருவரும் தலைவரிடம் போனோம்.

"ஏம்ப்பா கிரிசாந்தோ, அதுங்கல்லாம் உன் சொந்தக்காரங்கதானே? நீயே கூப்பிட்டு வச்சுப் பேசிக்கயேன்!" என்று சிரித்தார் ஃபெர்மின்.

என் புருஷனும் சேர்ந்து சிரித்தார். அவர் தொப்பியைப் பிடுங்கி அங்கேயே மிதிக்கலாம் போலிருந்தது எனக்கு.

"ஏன்யா பல்லக் காட்டுற? மிச்சப் பாதியும் போச்சுன்னா புள்ளைங்க மண்ணையா திங்கும்?" என்றேன் வழியில்.

"திருவிழா வருதுல்ல சில்வேரியா. மரத்துல ஏறிப் பாத்துக்கறேன்."

ஏறினார். கிழித்தார்.

"டேய் ஃபெர்மினு! பிஸ்கட்டக் கண்டா நீயுந்தான்டா வாலத் தூக்கிட்டு ஓடுற! என் காட்டத் தின்னது சீக் இல்லடா, உன் டப்பா! குலுக்குறத நிறுத்துடா, பிஸ்கட் திருடா!"

களமே அதிர்ந்தது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தது ஃபெர்மின்தான். கண்ணில் நீர் வழிய, பீர் பாட்டிலை மரத்தை நோக்கித் தூக்கிக் காட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோபித்துக்கொள்ளக் கூடாத பேச்சுக்கு யாரும் பதில் சொல்லவும் வேண்டாம். நாளைக் காலை டப்பா மறுபடி குலுங்கும்.

புழுதி அடங்கத் தெளிக்க வைத்திருந்த தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு களத்துக்குள் இறங்கினேன். பெண்கள் இறங்குகிற இடமில்லை அது. விசிலடித்தார்கள். அடித்துத் தொலையட்டும்.

"யோவ், இறங்கு கீழ."

"இன்னும் முடியல சில்வேரியா..."

"இறங்குறியா, மரத்த ஆட்டட்டுமா?"

இறங்கினார். வாளியைத் தலையில் கவிழ்த்து, என் பாவாடை நுனியால் முகத்தை அழுந்தத் துடைத்தேன். கரி போனதும் என் வாயில்லாப் புருஷனின் பழைய முகம் வந்தது.

"இப்பச் சொல்லு."

ஃபெர்மின் பக்கம் திரும்பி, பக்கத்திலிருந்த எனக்கே கஷ்டப்பட்டுக் கேட்கிற குரலில் சொன்னார்: "தலைவரே, என் காட்டத் தின்னது உங்க டப்பா. நிறுத்துங்க."

வசவு இல்லை, வால் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. குளத்தோரத்தில் காடு வைத்திருக்கிற இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

"என்னப்பா இது, விளையாட்டு வெனையாவுது?" என்றார் ஃபெர்மின்.

"கரி போயிருச்சுங்க. இப்ப நீங்க கோவப்படலாம்" என்றார் என் புருஷன்.

ஃபெர்மினின் முகம் சிவந்தது. பாட்டிலைத் தரையில் அடித்துவிட்டு எழுந்தார். என்னைத் தவிர இன்னொரு ஆள் என் புருஷன்மேல் கோபப்பட்டதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.