கடைசிப் பெயருக்குக் கீழே

இன்று காலை அலுவலகப் படிகளை யாரோ கழுவிவிட்டுப் போயிருந்தார்கள். ஈரக் கல்லில் சவர்க்காரம் மணத்ததும் நான் சுவிட்சர்லாந்தின் வில் என்ற நகரத்துப் பஸ் தரிப்பிடத்தில், அம்மாவின் வாளிக்குப் பக்கத்தில் சிறுமியாக நின்றேன்.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா பள்ளிக்கூடத்தைத் துப்புரவாக்கி முடித்ததும் நாங்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அந்த முக்கோணப் புல்தரையில், இரண்டு மரங்களுக்கிடையே, சுவிஸ் காலாட்படைப் பிரிவு ஒன்றில் இறந்தவர்களின் பெயர்கள் வெட்டிய நினைவுக்கல் இருந்தது. இலங்கைப் போருக்குத் தப்பி வந்த அம்மா அதற்கு முதுகைக் காட்டியே நிற்பார்.

ஒருநாள் அங்கே பூ வைக்க வந்த வயதான சுவிஸ் பெண்மணி சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: "இந்த ஆக்கள் சண்டையிலை சாகேல்லையாம் அம்மா. எல்லாரும் அந்தக் காலத்துக் கொள்ளைக் காய்ச்சலிலை செத்தவையாம்."

"காய்ச்சலிலை செத்த ஆக்களுக்கும் பேர் வெட்டி வைப்பினமோ?" என்று கேட்டபடி அம்மா முதன்முறையாகக் கல்லின் பக்கம் திரும்பினார். இடம்பெயர்ந்த நாட்களில் மருந்தில்லாமல் காய்ச்சலில் போன அவருடைய தம்பிக்கு எங்கும் ஒரு கல் இல்லை.

அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளியும் மிச்சச் சவர்க்காரத் தண்ணீரைக் கொண்டுவந்து, பஸ் வந்ததையும் போனதையும் பாராமல், எழுத்துகளுக்குள் படிந்த பாசியைப் பெயர் பெயராக, சர் சர்ரென்று தேய்த்தார்.

இப்போது அங்கே கார்கள் நிற்கின்றன. கல்லை எங்கே கொண்டுபோனார்களோ தெரியாது. முன்பின் அறியாத அந்த வீரர்களுக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். கடைசிப் பெயருக்குக் கீழே, இன்னும் ஒரு பெயருக்கு இடம்போல, ஒரு சாண் வெறுங்கல் இருந்தது. அங்கே பாசி பிடிப்பதே இல்லை. அம்மா அதைத்தான் அதிக நேரம் தேய்ப்பார்.