நாய்க்கும் டிராகனுக்கும் ஆகாது

"பெல்ட் போட்டாச்சா? மிரர் பாத்தாச்சா? சரி, பிறந்த தேதி சொல்லுங்க." வண்டியில் ஏறும் எவரிடமும் இளமதி இந்த மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுவார். தேதி சொல்லாதவருக்குப் பாடம் கிடையாது.

சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக் பக்கம் பதினெட்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். சீன ஜோசியத்தில் மாடு வருஷத்தில் பிறந்தவர்கள் முன்னால் மட்டும் போவார்களாம், ரிவர்ஸ் வராதாம். ஜெமினிக்கு, அதாவது மிதுன ராசிக்கு, இடப்பக்கம் சிக்னல் போட்டு வலப்பக்கம் திரும்புகிற குணமாம். ஜெமினியும் குரங்கு வருஷமும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால் போச்சு, நெரிசலான தேக்கா பக்கமே வண்டியை விடமாட்டார். "சீனங்க வருஷத்தக் கேப்பாங்க, வெள்ளக்காரங்க மாசத்தக் கேப்பாங்க. ஒண்ணு இன்ஜின், ஒண்ணு ஸ்டியரிங். ரெண்டும் வேணும்லா" என்பார். நம்மூர் ஜாதகம் அவருக்கு இல்லை. பிறந்த நேரத்தைக் குறித்துவைக்க அப்பா மறந்துவிட்டார்.

பிறந்தது 1976, அது டிராகன் வருஷம் என்று அவருக்கு அப்படி ஒரு பெருமை. லாரி குறுக்கே வந்தாலும், "டிராகன்கிட்டயா?" என்று முணுமுணுப்பார்.

அந்த டிராகன்தான் நடேசனுக்கு வினையாகப் போயிற்று. அவரும் அதே தொழில், மனைவியை இழந்தவர். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று இரண்டு வருடமாகக் கேட்கிறார். இளமதிக்கும் ஆசைதான், கொள்ளை ஆசை. அவர் லிப்ரா, துலாம்; இவர் அக்வேரியஸ், கும்பம். பாலும் பழமும்போலப் பொருத்தம் என்று வெள்ளைக்காரர் ஜோசியம் சொல்லிவிட்டது. சீன ஜோசியம்தான் முட்டுக்கட்டை. நடேசன் பிறந்தது நாய் வருஷம். "நாய்க்கும் டிராகனுக்கும் ஆகாது, நடேசன். நேருக்கு நேர் மோதல். தெரிஞ்சே யாராவது ஆக்சிடென்ட் பண்ணுவாங்களா?"

இந்த ஜனவரியில் நடேசன் வேறு பேச்சு பேசினார். மார்ச்சில் மகளோடு ஆஸ்திரேலியாவுக்கே, பெர்த்துக்குப் போய்விடப் போகிறாராம். அன்று முழுக்க இளமதி யாரிடமும் பிறந்த தேதி கேட்கவில்லை.

இருபத்தைந்தாம் தேதி இளமதிக்கு ஐம்பது. அன்று காலை வண்டி ஓட்டக் கற்க வந்தவர் மிசஸ் டான். இன்றோடு இந்த டிராகனுக்கு ஐம்பது என்று இளமதி சொன்னதும், அந்த அம்மாள் சிவப்பு விளக்கில் நின்றபடி விரல்விட்டு எண்ணினார். சீன வருஷம் ஜனவரி ஒன்றாம் தேதி மாறுவதில்லையே! எழுபத்தாறில் சீனப் புத்தாண்டு ஜனவரி முப்பத்தொன்றில்தான் வந்தது. தன் தம்பி அன்றைக்குத்தான் பிறந்தான் என்றார். அப்படியென்றால் ஆறு நாள் முந்திக்கொண்ட இளமதி டிராகனே இல்லை. பழைய வருஷத்து முயல்.

இளமதிக்கு முகம் தொங்கிப்போயிற்று. வண்டியை ஓரம்கட்டச் சொன்னார். பிறகு மெல்லக் கேட்டார், முயலுக்கும் நாய்க்கும் எப்படி என்று. மிசஸ் டான் இரண்டு சுட்டுவிரல்களையும் கோத்துக் காட்டினார். அதைவிடப் பொருத்தமே கிடையாதாம். அப்போது வந்தது பாருங்கள் இளமதிக்குச் சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வரும்வரை அடங்கவில்லை.

மத்தியானமே சுவா சூ காங் கோப்பிக் கடையில் நடேசனைப் பிடித்துவிட்டார். மூச்சு வாங்க, "முயலுங்க, நடேசன், முயலுங்க" என்றார்.

"ரெண்டு வருஷமா முயற்சி பண்ணிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார் அவர் பரிதாபமாக.

விஷயத்தை விளக்கியபோது அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு வேற யாராச்சும் வந்து, நீங்க முயல் இல்ல, பூனைன்னு சொன்னா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

இளமதி எழுந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு வண்டிக்குப் போனார், ஓட்டச் சொல்லிவிட்டு இடப்பக்கம் ஏறிக்கொண்டார். பயிற்சி வண்டியில் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. யார் ஓட்டினாலும் இளமதியின் கால் அதன்மேல்தான் இருக்கும். நடேசன் வண்டியைக் கிளப்பினார். இளமதி செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் மடக்கி, சீட்டின்மேல் சம்மணம் போட்டுக்கொண்டார்.