சுங்க மேசையில் அப்பா

ஒரு படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுத, எங்கள் தீவின் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடை மாடியில் மூன்று முறை கூடினோம். கூட்டங்கள் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. என்ன முடிவு என்று எழுதத்தான் எதுவும் இல்லை.

எங்கள் சங்கம் பழைய துறைமுகத்தைப் பற்றிப் புகைப்படக் கண்காட்சி வைக்கிறது. நான் கொடுத்த படத்தில், அக்கரைக்குப் படகு போகும் ஃபெரித் துறையில் ஒரு மேசைக்குப் பின்னால் அப்பா தனியாக உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைக்காரன் காலம். தீவில் சரக்குக்கு வரி கிடையாது. கடல் தாண்டி அக்கரைக்குக் கொண்டுபோனால் உண்டு. அதனால் அக்கரைச் சுங்கம் எங்கள் துறையிலேயே மேசை போட்டது. அப்பா அதில் குமாஸ்தா.

செயலாளர் எழுதி வந்த வாசகம், ‘நம் துறையில் அந்நியச் சுங்கத்தின் அராஜகம்.’

“யாரு அராஜகம், எங்கப்பாவா?”

“அந்த ஆபீஸத்தான் சொல்றேன் லா, அண்ணே.”

“படத்துல ஆபீஸ் எங்க இருக்கு? அவரு ஒருத்தர்தானே இருக்காரு!”

இரண்டாம் கூட்டம், இரு கரையையும் ஒரே வெள்ளைக்காரன் ஆண்டபோது அது எப்படி அந்நியம் என்பதிலேயே போயிற்று. வடை தீர்ந்தது, வாதம் தீரவில்லை.

மூன்றாவதில், அதுவரை வாய் திறக்காத ஓர் அக்கா பேசினார். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை.

“அக்கரைல, சுங்கை பாக்காப்ல ஒரு கல்யாணம். வரிக்குப் பயந்து எங்கம்மா மூணு புதுச்சேலைய ஒன்னு மேல ஒன்னா கட்டிக்கிட்டு ஃபெரிக்குப் போனாங்க. ஒங்கப்பா எல்லார் முன்னாடியும், ‘என்னம்மா, தீவுல அவ்ளோ குளிரா?’ன்னு கேட்டாராம். கூட்டமே சிரிச்சிருக்கு. அதுக்கப்புறம் எங்கம்மா அந்தப் பக்கமே போகல.”

வீட்டிலும் அப்பா பேச்சு அப்படித்தான். ‘கடமை தவறாத ஊழியர்’ என்று எழுதி வைத்திருந்த தாளை மடித்துவிட்டு, வேறு தாளில் எழுதி வாசித்தேன்: ‘அக்கரைச் சுங்கத்தின் குமாஸ்தா. தீவிலிருந்து போனவர்களைச் சோதித்தார். பலர் முன்னிலையில் கேலியும் செய்தார்.’

“இதப் போட்டா படம் இருக்கட்டும். இல்லன்னா எடுத்துருங்க” என்றார் அக்கா.

செயலாளருக்கு அராஜகத்தை விட மனமில்லை. நான் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கரையில் கெப்பாலா பத்தாஸில் இருக்கும் அண்ணனுக்குத் தொலைபேசியில் அந்தத் தாளை வாசித்துக் காட்டினேன்.

“பெத்த அப்பன ஊர் சிரிக்க வைக்கிறியா?” என்றார். திறப்பு விழாவுக்கு வரமாட்டாராம்.

ஒரு சொல்லும் மாற்றாமல் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.