லொறிக்கு எழுதிய கடிதம்

ஒரு நாளைக்குப் பத்து ஆங்கிலச் சொல் என்று ஒரு வைராக்கியம். ஏ லெவல் முடித்து வீட்டிலிருந்த காலம். போனில் பார்த்து, கொப்பியில் எழுதி, நாங்கள் இருந்த லயத்து வீட்டுச் சுவரில் ஒட்டுவேன். சாதாரணச் சொல் எனக்கு ஆகாது. 'பெரிய' என்பதற்கு ஏழு சொல் தெரிந்த பிறகு 'பிக்' என்று எழுதக் கூசியது. அவ்வளவு திமிர்.

ஒரு நாள் காலை, ரப்பர் பால் வெட்டப் போன அப்பாவைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சுவலி. மழைக்கு எங்கள் பாதையில் த்ரீவீல் ஏறாது. ஆபீஸில் கேட்டால் தோட்டத்து லொறி வரும். தோட்டத்து மேனேஜர் துரை புதியவர், சிங்களவர். எல்லோரும் சிங்களத்தில்தான் போய்ச் சொல்வார்கள். எனக்கும் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு.

"ஓடிப்போயி தொரைகிட்ட சொல்லு புள்ள" என்றார் அம்மா.

"வாயால சொன்னா மதிக்க மாட்டாங்கம்மா. எழுதிக் குடுத்தாத்தான் அசைவாங்க."

கால் மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். தாங்க முடியாத வலி என்பதற்கு 'எக்ஸ்க்ரூஷியேட்டிங்' என்று போட்டேன். அன்றைக்குச் சுவரில் ஒட்டிய சொல் அது.

நான் வாயைத் திறக்காமல் நீட்டிய கடிதத்தைத் துரை மேலும் கீழும் பார்த்தார். "ஹரி, ஹரி, பலமு" என்றார். சரி, பார்ப்போம் என்று அர்த்தம். நான் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். லொறி வரவில்லை. மத்தியானம் பக்கத்துக் காம்பரா வீட்டு மாமா போய்ச் சிங்களத்தில் நாலே வார்த்தை சொன்னார். உடனே லொறி வந்தது. அப்பா அதற்குள் போய்விட்டார்.

எழவு வீட்டில் நான் அழவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்துத் துரை ஆளனுப்பினார். ஆபீஸில் கடிதம் எழுத இங்கிலீஷ் தெரிந்த பிள்ளை வேண்டுமாம். வீட்டில் வருமானம் இல்லை, போனேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். பத்துச் சொல் படிப்பதையும் விடவில்லை. ஆசை ஒன்றும் இல்லை, பல் விளக்குவதுபோல அதுவும் நடக்கிறது.

சேர்ந்த இரண்டாம் வாரம் அலுமாரியை ஒழுங்குபடுத்தும்போது என் கடிதம் கிடைத்தது. வேலை கேட்டு வந்த விண்ணப்பங்களின் ஃபைலில் இருந்தது. 'எக்ஸ்க்ரூஷியேட்டிங்' என்பதன் கீழே பென்சிலால் கோடு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ஃபைலை மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன்.